சோடியம் மேல் பழி

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் நான் "மறந்துட்டேன்" என்று சொல்வதில்லை. "சோடியம்-பொட்டாசியம் பம்ப் கொஞ்சம் மந்தமா இருக்கு" என்கிறேன். ரிட்டயர் ஆனவனுக்கு மரியாதை தருவது பென்ஷன் இல்லை, இப்படி ஒரு விஞ்ஞானக் காரணம்தான்.

விஷயம் பொய்யும் இல்லை. நரம்புச் செல்களின் சவ்வில் இந்தப் பம்புகள் ஏராளம். செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து, 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளும், 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அப்படி வாரிக் கொட்டிக்கொண்டே இருந்தால்தான் நரம்பு அடுத்தடுத்த செய்திக்குத் தயாராக நிற்கும். டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோ, பம்பாக வேலை செய்யும் இந்த நொதியை நண்டுக்கால் நரம்பில் கண்டு 1957-ல் எழுதினார். நோபல் வந்தது நாற்பது வருஷம் கழித்து, 1997-ல். அதைப் படித்த நாளிலிருந்து என் பென்ஷன் அரியர்ஸ் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

உடல் எடையில் 2 சதவீதம் இருக்கும் மூளை, சும்மா இருக்கும்போதே உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைத் தின்கிறது. அதில் பெரும்பங்கு இந்தப் பம்புகளுக்கு. ஆக, ஈசிசேரில் சாய்ந்திருக்கும்போதும் நான் உழைத்துக்கொண்டிருக்கிறேன். மனைவியிடம் சொன்னேன். "அப்படியே எழுந்து போய் ரேஷன்லயும் உழைச்சுட்டு வாங்க" என்றாள்.

வயது ஏறினால் ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா சோர்கிறது, பம்ப் பதிந்திருக்கும் சவ்வின் கொழுப்பு மாறுகிறது, ஆக்சிஜனேற்றம் பம்பையே அரிக்கிறது. எங்கள் சித்தூர் வீட்டு போர்வெல் மோட்டார் கதைதான்: வோல்டேஜ் கம்மி, பைப்பெல்லாம் உப்பு, காயில் பழசு. தண்ணீர் வரும்; மாடித் தொட்டி நிரம்ப மத்தியானம் ஆகும். கிழ எலிகளின் மூளையில் பம்பின் வேகம் குறைவதாக ஆய்வுகள் உண்டு. திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழக விலங்கியல் துறையிலும் எலி மூளையில் இந்தப் பம்ப் உள்ளிட்ட ஏடிபியேஸ் நொதிகளை அளந்திருக்கிறார்கள். பக்கத்து ஊரிலேயே எனக்குச் சாட்சி!

அந்தத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில்தான் மானம் போனது. லட்டுப் பையை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் "எக்கடிகண்டி?" என்று தெலுங்கில் போகிற ஊரைக் கேட்டார். காசு கையில் இருக்கிறது, வாயும் திறந்திருக்கிறது, பிறந்து வளர்ந்த ஊரின் பெயர் வரவில்லை. பின்சீட்டிலிருந்து மனைவி, "சித்தூர் ரெண்டு" என்றாள். பிறகு பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, "நம்ம கல்யாணத்துல உங்க அக்கா என்னைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு சொல்லட்டுமா?" என்றாள். தேதி, கிழமை, அக்கா கட்டியிருந்த புடவையின் கலர் உட்பட. அவளுக்கும் அதே வயசு, அதே சாம்பார், அதே போர் தண்ணீர்!

இந்தச் சரிவு மூளையின் எல்லாப் பகுதியிலும் ஒரே மாதிரி இல்லை என்பதும் ஆய்வாளர்கள் சொன்னதுதான். என்னிடம் ரேஷன், பில், மச்சினர் வீட்டு விசேஷம் இருக்கும் பகுதி மட்டும் பழுதாம். இது மனைவியின் ஆய்வு.

மகள் என்னை டாக்டரிடம் இழுத்துப்போனாள். பெரியவர்களுக்குத் திடீரெனக் குழப்பம் வந்தால் வயசு என்று விட்டுவிடாதீர்கள், சில பிரஷர் மாத்திரைகளால் ரத்தத்தில் சோடியம் இறங்கினாலும் அப்படி ஆகும் என்றார் அவர். ரத்தம் எடுத்தார்கள். சோடியம் நார்மல். ரத்தச் சோடியம் வேறு, மூளைப் பம்ப் வேறு என்று வாதாடிப் பார்த்தேன்.

"சரி, நிஜமாவே மறந்துட்டேன்னு காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணுங்க" என்றாள் மனைவி. எங்கள் பக்கத்தில் தீராத வழக்கெல்லாம் அந்த வரசித்தி விநாயகர் முன்னால்தான் தீரும். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் கதி என்ன ஆகும் என்பது மட்டும் எனக்கு ஒருநாளும் மறந்ததில்லை.