ஆசிரியர் தரத்துக்கு மேலே ஒரு தரம்

வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளுக்குப் பொறுப்பான பெரியோருக்கு,



யாழ்ப்பாணத்து வீடுகளில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் தொங்குவது பெரும்பாலும் உங்கள் சபையின் சான்றிதழ்தான். வாய்ப்பாட்டோ வயலினோ மிருதங்கமோ பரதமோ, ஏதாவது ஒன்றில் மூன்றாம் தரம் வரையாவது சோதினை எடுக்காத பிள்ளையை எங்கள் ஊரில் வளர்ப்புச் சரியில்லாத பிள்ளை என்றே பார்ப்பார்கள். ஆசிரியர் தரம் தேறியவர் தன் பெயருக்குப் பின்னால் 'கலாவித்தகர்' என்று போட்டுக்கொள்வார். கலியாணம் பேச வருகிறவர்கள் அதை மரியாதையாக வாசித்துவிட்டு, "நல்லது, பிள்ளை என்ன வேலை பார்க்கிறா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் பாடத்திட்டத்தில் விடை கிடையாது. அதனால்தான் இந்த விண்ணப்பம்.

ஆசிரியர் தரத்துக்கு மேலே இன்னும் ஒரு தரம் வையுங்கள். கோயில் மேடைக்கும் சினிமாவுக்கும் காத்திராமல், தாங்களே எழுதி, மெட்டமைத்து, வீட்டறையில் ஒலிப்பதிவு செய்து வெளியிடும் பிள்ளைகளுக்கான தரம். பாடத்தின் பெயர் காசு. தேறியவருக்குப் பட்டம் 'கணக்குவித்தகர்'.

இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்பீர்கள். சங்கீதத்தில் ஒன்றுமில்லை. நொத்தாரிசு கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அறுதி, நன்கொடை, ஈடு, ஒற்றி, குத்தகை என்று வாழ்நாள் முழுக்க உறுதி எழுதின கை இது. நான் கேட்கிற தரத்துக்குச் சங்கீதம் தெரியாத பரிசோதகர்தான் பொருத்தமானவர். பாட்டில் சொக்கிப்போய்ப் புள்ளியை அள்ளிப் போட மாட்டார்.

எங்கள் சனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கதியால் அரை அடி தள்ளி நட்டால் மல்லாகம் கோட்டுக்குப் போவோம். ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் ஏற்றின தேசவழமையை இன்றைக்கும் கைவிடவில்லை. பங்காளி தன் காணிப்பங்கை விற்பதென்றால் முதலில் எங்களைத்தான் கேட்கவேண்டும் என்று மார்தட்டுவோம். இடம்பெயர்ந்து ஓடிய காலத்திலும் உறுதிப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினோம். அப்படிப்பட்ட ஊரின் பெடியள் பாட்டு என்று வந்தால் மட்டும் எப்படி வேலியில்லாத வளவாகிப் போனார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

என் மருமகனும் அவனுடைய சினேகிதரும் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். ஒருவன் வரி எழுதினான், ஒருவன் மெட்டுப் போட்டான், இரண்டு பேர் பாடினார்கள், தாளக்கட்டை யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனிடம் இணையத்தில் எடுத்தார்களாம். பாட்டு ஓடியது. "இது யாற்றை பாட்டடா?" என்று கேட்டேன். "எல்லாற்றையும்தான் மாமா" என்றான். பாகப்பிரிவினை வழக்கு ஒவ்வொன்றும் இந்த வசனத்தோடுதான் ஆரம்பிக்கும் என்று அவனுக்கு யார் சொல்வது? கடதாசி கேட்டேன். வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவைப் போட்டுக் காட்டினான். அதில் மெட்டுப் போட்டவன் "ஓம் மச்சான், பாப்பம்" என்கிறான். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

தாளக்கட்டைப் பற்றி விசாரித்தால் அது அறுதியாக வாங்கினதில்லை, குத்தகை. இத்தனை ஆயிரம் தடவைக்கு மேல் கேட்கப்பட்டால் குத்தகை முடியும், பிறகு புதுப்பிக்கவேண்டும் என்று நிபந்தனையில் எழுதியிருக்கிறது. "குத்தகைக் காணியிலயோடா மாடிவீடு கட்டினனீங்கள்?" என்றேன். நிபந்தனையை வாசிக்கவில்லை என்றான். தேறியிருக்க மாட்டான்.

ஆகவே முதல் வினாத்தாள் சட்டம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை ஒரு பிள்ளையும் பார்த்ததில்லை. அதன்படி, எங்கேயும் பதியாமலே பாட்டு ஆக்கியவருக்குச் சொந்தமாகிவிடும். அவர் கண்மூடி 70 வருடம் வரை உரிமை வாரிசுக்கு இருக்கும். சேர்ந்து ஆக்கினால் சேர்ந்தே சொந்தம். இன்னொருவருக்குக் கைமாற்றுவதென்றால் எழுத்தில், இரு பகுதியாரின் கையொப்பத்தோடு கொடுக்கவேண்டும். எழுபது வருடம்! பாட்டனார் பாடின பாட்டுக்குப் பேரன் வழக்காடலாம். யாழ்ப்பாணத்தாரை மனதில் வைத்தே எழுதின சட்டம் போலிருக்கிறது, எங்களுக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

இதில் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் காணி. அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு அந்தக் காணியில் நிற்கிற வீடு. காணி ஒருவர் பெயரிலும் வீடு இன்னொருவர் பெயரிலும் இருக்கலாம். ஒரே காணியில் பத்துப் பேர் பத்து வீடு கட்டலாம், காணிக்காரனுக்குப் பங்கு போகவேண்டும். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' இன்றைக்கும் கலியாண வீடுகளில் ஒலிக்கிறது. பாதிப் பேர் அதை நாட்டுப்பாடல் என்றே நினைக்கிறார்கள். ஏ.ஈ. மனோகரன் பாடிப் புகழாக்கின 'சுராங்கனி' கடல் தாண்டி, 1977 இல் இளையராஜாவின் இசையில் தமிழ்ச் சினிமாவுக்குள்ளும் புகுந்தது. எத்தனை மொழி, எத்தனை வீடு! காணிக் கணக்கைப் பிள்ளைகள் விடையாக எழுதட்டும்.

மறுபக்கத்தையும் கேளுங்கள். சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த மாயா அருள்பிரகாசம் 2007 இல் வெளியிட்ட 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில், த கிளாஷ் என்ற பிரித்தானியக் குழுவின் பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்தார். அந்தக் குழுவினர் நாலு பேரின் பெயரும் பாட்டின் ஆக்குநர் பட்டியலில் இருக்கிறது. ஒரு துண்டுக்கு நாலு பங்காளிகள். எங்கள் பெடியளோ முழுப்பாட்டையும் எடுத்துக்கொண்டு 'நன்றி: இணையம்' என்று போடுகிறார்கள்.

இரண்டாம் வினாத்தாளில் கட்டாயக் கேள்வி ஒன்றுதான். 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடினார்கள், இசை சந்தோஷ் நாராயணன், வெளியிட்டது ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு புலம்பெயர் தமிழர் தொடங்கின மாஜ்ஜா நிறுவனம். இந்தத் தீவின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பின தன் குடும்பத்தின் கதையை, பாட்டி வள்ளியம்மாளின் பெயரோடு, அறிவு அதற்குள் வைத்திருந்தார். தமிழில் சினிமாவுக்கு வெளியே இப்படி ஒரு பாட்டு ஓடினதில்லை. அதே வருடம் ஓகஸ்டில் ஓர் இசைச் சஞ்சிகையின் அட்டையில் அறிவு இல்லாமல்போக, யார் ஆக்கின பாட்டு என்ற சண்டை சந்திக்கு வந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் காணொளியில் தோன்றி, மூன்று வருடமாகியும் அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு சதமும் வரவில்லை என்றார். நிறுவனம் மறுத்து அறிக்கை விட்டது. கேள்வி இது: கோடிக்கணக்கில் கேட்கப்பட்ட ஒரு பாட்டின் வருமானம் எந்தெந்தக் கை மாறி, எங்கே நின்றது? படம் வரைந்து விளக்குக. இரண்டு மணித்தியாலம் தரலாம். பரிசோதகருக்கும் விடை தெரியாது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம்.

மூன்றாவது செய்முறை. இதில் நான் கொஞ்சம் ரசித்துத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யூரியூப்பில் நீளக் காணொளி வழியாக விளம்பரக் காசு கிடைக்க 1000 சந்தாதாரர் வேண்டும், 12 மாதத்துக்குள் 4000 மணித்தியாலம் சனம் பார்த்திருக்கவேண்டும். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் கூகிள் நிறுவனம் முகவரியைச் சரிபார்க்க ஓர் இரகசிய இலக்கத்தை அனுப்பும். எதில் அனுப்பும் தெரியுமோ? தபாலில். செயற்கை நுண்ணறிவு செய்கிற கம்பனியின் கடிதம், கோயிலடி ஒழுங்கையில் எங்கள் தபால்காரரின் சைக்கிளில் வந்து சேரவேண்டும். அது வந்தாலும் 100 டொலர் சேரும்வரை காசு அசையாது. அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாவிட்டால் உழைப்பில் 24 வீதம் வரை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். ஸ்பொட்டிஃபை 2021 இல்தான் இலங்கைக்கு வந்தது. 2024 இலிருந்து 12 மாதத்தில் 1000 தடவை கேட்கப்படாத பாட்டுக்குச் சதமும் இல்லை. அந்த ஆயிரமும் ஒரே ஆயிரம் அல்ல. சுன்னாகத்தில் விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்கிற ஆயிரத்தை விட கனடாவின் ஸ்காபரோவில் சந்தா கட்டிக் கேட்கிற ஆயிரம் பெறுமதி கூடியது. ஆகவே பாட்டில் பனங்காயையும் பருத்தித்துறை வடையையும் போட்டு வெளிநாட்டுச் சனத்தை அழவைப்பது வணிக உத்தி என்று கொள்ளலாமோ என்பதைப் பிள்ளைகள் விவாதிக்கட்டும்.

காசு வங்கிக்கு வந்தபிறகு இன்னொரு கூத்து. வெளிநாட்டிலிருந்து டொலர் வந்ததும் மருமகனை வங்கியில் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"தம்பி எந்தக் கொம்பனியில வேலை?"

"கொம்பனி இல்லை. பாட்டுப் பாடுறனான்."

"சரி, அனுப்பினது ஆர்? மாமாவோ, சித்தப்பாவோ?"

வெளிநாட்டுக் காசு என்றால் உறவினர் அனுப்புவது என்ற ஒரே வாய்பாடுதான் அந்த மேசையில் இருக்கிறது. உள்நாட்டு இறைவரித் திணைக்களம் அப்படியில்லை. 2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையால் வருகிற வருமானத்துக்கும் 15 வீதம் வரை வரி உண்டென்று ஆக்கிவிட்டார்கள். வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு. எங்கள் பெடியள் அந்த எல்லையை எட்டுவார்கள் என்று அரசாங்கத்துக்கு இருக்கிற நம்பிக்கை பெற்ற தாய்தகப்பனுக்கும் இல்லை.

கோயில் திருவிழாக்களையும் விடமுடியாது. இன்னிசைக் கோஷ்டிகள் இரவிரவாகச் சினிமாப் பாட்டுத்தான் பாடுகின்றன. 2017 இல் அமெரிக்காவில் மேடையேறிக்கொண்டிருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே, தன் பாட்டை அனுமதியில்லாமல் பாடக்கூடாதென்று இளையராஜாவின் வக்கீல் நோட்டீஸ் போனது. எங்கள் கோஷ்டிகளுக்கு அப்படி ஒன்று வந்தால் அதைப் பிரேம் போட்டு மாட்டுவார்கள், இளையராஜாவுக்கு எங்களைத் தெரிந்திருக்கிறதே என்று.

அதே கோயிலில் மேளகாரரைப் பாருங்கள். யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியின் தவிலையும் அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் கேட்டு வளர்ந்த ஊர் இது. திருவிழா உபயகாரர் மாதக்கணக்குக்கு முன்பே வெற்றிலை பாக்கோடு போய், திகதி பேசி, அச்சாரம் கொடுப்பார். அச்சாரம் இல்லாமல் மேளம் வராது. "உங்களுக்கு ஒரு மேடை தாறம், நல்ல விளம்பரம் கிடைக்கும்" என்று எந்த உபயகாரரும் ஒரு தவில்காரரிடம் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. அந்த வசனம் றாப் பாடுகிற பெடியளுக்காகவே உண்டாக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிற ஏற்பாட்டாளர் இந்தியப் பாடகருக்கு விமானச்சீட்டும் நட்சத்திர விடுதியும் கொடுப்பார். உள்ளூர்ப் பெடியனுக்கு முதுகில் ஒரு தட்டும் ஒரு சோற்றுப் பார்சலும். 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் ஹரிஹரன் நிகழ்ச்சியில் சனம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு முன்னே வந்து நிகழ்ச்சி இடையில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். இந்த ஊருக்கு இசையில் ஆசை இல்லை என்று ஒருவரும் சொல்லமுடியாது; சீட்டு வாங்குவதில்தான் சிக்கல்.

ஆகவே வாய்மொழிப் பரீட்சை அவசியம். பரிசோதகர் கலியாண வீட்டுக்காரராக நடிக்கவேண்டும். "தம்பி, எவ்வளவு எதிர்பார்க்கிறியள்?" என்று கேட்கவேண்டும். "நீங்கள் விரும்பினதைத் தாங்கோ அண்ணை" என்கிற பிள்ளைக்கு அந்த இடத்திலேயே பூச்சியம். தலைகுனியாமல் தொகையைச் சொல்லி, பாதி முற்பணம் கேட்கிற பிள்ளைக்கு அதிவிசேட சித்தி. கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டு மறுமொழிக்குக் காத்திருந்தால் இன்னும் ஐந்து புள்ளி. இந்தப் பகுதியில் சங்கீத ஆசிரியர்மாரையும் ஒருமுறை உட்கார்த்தலாம். மாதக் கட்டணம் கேட்க வெட்கப்பட்டுப் பிள்ளையின் கொப்பிக்குள் துண்டு வைத்து அனுப்புகிறவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் சாஸ்திரீய சங்கீதத்துக்கு ஒத்துவராது என்று சபையில் யாராவது எழும்பினால், கனடாவில் யாஞ்சனின் மிருதங்கத்துக்கு ஷான் வின்சன்ற் டி போல் றாப் பாடுகிற காணொளியைப் போட்டுக் காட்டுங்கள். உங்கள் மிருதங்கச் சோதினையில் தேறின பிள்ளைகளுக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது. பங்குப் பத்திரம் எழுதத் தெரிந்திருந்தால் போதும்.

முதலாவது வருடத்து வினாத்தாள்களை நானே தயாரித்துத் தருவேன். வினாக்களின் உரிமை என்னிடமே இருக்கும். சபைக்கு ஐந்து வருட அனுமதி, மறுபதிப்புக்குத் தனிக் கட்டணம், என் பெயர் வினாத்தாளின் அடியில் வரவேண்டும். ஒப்பந்தத்தில் இரண்டு பிரதி இத்துடன் இணைத்திருக்கிறேன். காணி உறுதிக்குப்போல இரண்டு சாட்சி ஒப்பமிட இடமும் விட்டிருக்கிறேன். புலமைச் சொத்துச் சட்டத்தில் சாட்சி தேவையில்லைத்தான், பழக்கதோஷம். ஒரு பிரதியில் ஒப்பமிட்டு, அச்சாரத்தோடு திருப்பி அனுப்பவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நொத்தாரிசுக் கிளாக்கர் ஒருவர்
கோண்டாவில்