அரசுச் சொத்து, மிளகு தூக்கலாக

ஏரிக்கரைச் சாலையில் காரை ஓரங்கட்டி, கால் கட்டிக் கம்பில் தலைகீழாய்த் தொங்கும் மடையானுக்கு விலை பேசும் கனவானே, வணக்கம். வேட்டையாடப்பட்ட காட்டுப் பறவை மாநில அரசின் சொத்து என்கிறது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 39ஆம் பிரிவில். அனுமதி இல்லாமல் அதை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். ஆக, "ஜோடி எவ்வளவு?" என்று நீங்கள் பேரம் பேசுவது அரசுச் சொத்துக்கு. பரவாயில்லை, ஏரியையே விழுங்கிப் பட்டா வாங்கியவர்கள் ஊருக்குள் மாலை மரியாதையோடு இருக்கிறார்கள். அவர்கள் விட்டுவைத்த மிச்சத்தைத்தானே நீங்கள் வறுக்கிறீர்கள்?

"காட்டுக்குள்ள புடிச்சாதானே சார் தப்பு, இது ரோட்டோரம்" என்கிறார் கூட வந்த நண்பர். சட்ட மேதை! 9ஆம் பிரிவு காடா, வயலா, தார் ரோடா என்று பார்ப்பதில்லை. பறவை சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. கொக்கு, நாரை, மடையான், உள்ளான் எல்லாம் இருக்கின்றன. கண்ணி வைத்தாலும் விஷம் வைத்தாலும் முட்டையை உடைத்தாலும் வேட்டை. முயன்று தோற்றாலும் வேட்டை. 2022 திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அட்டவணைப் பறவைக்கே மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பண்ணைக் காடை கடையில் கிடைக்கிறது. அது ஆகாது, வானத்தில் பறந்ததுதான் மூட்டு வலிக்கு மருந்தாம். எந்த டாக்டர் எழுதிய சீட்டோ! நெல்லில் குருணை மருந்தைக் கலந்து வயலில் தூவி, தின்று சுருண்ட பறவையையும் இதே கம்பில்தான் தொங்கவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் மருந்து உள்ளே போவது நிஜம்தான். இமையைத் தைத்துக் குருடாக்கிய கொக்கை வயலில் கட்டி, அதை நம்பி இறங்கும் கூட்டத்தை வலையில் அள்ளுவதும் உண்டு. உங்கள் தட்டுக்கு வரும்போது தையல் தெரியாது. சமையல் சுத்தம்.

சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. பிள்ளைகள் கேட்காமலா இருக்கும்? பிரிவு எண் சொல்லி அந்த ஊரை யாரும் மிரட்டவில்லை.

ரெய்டு நடந்தால் மறுநாள் பேப்பரில் படம் வரும். நடுவில் லுங்கி கட்டிய ஒருவர் குத்தவைத்திருப்பார். முன்னால் செத்த பறவைகள், பின்னால் விறைப்பாய் அதிகாரிகள். வாரம் தவறாமல் வாங்கியவர் அந்தப் படத்தில் இருந்ததே இல்லை. வாங்க ஆளில்லாமல் வலையை விரித்துக்கொண்டு எவன் விடிய விடியச் சேற்றில் நிற்பான்? வலை பறிமுதல், கூண்டு பறிமுதல். குழம்புச் சட்டியை யாரும் தொடுவதில்லை.

தப்பித் தவறி ஒருநாள் உங்கள் காரையும் மறித்தால், "நான் யாருன்னு தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியும். வழக்கு எழுதும்போது பெயரை விட்டுவிட வேண்டிய ஆள்.