ஓடுபாதையைக் கண்டு நடுங்கிய வல்லரசு

கிரெனடா என்றொரு தீவு. ஜனம் மொத்தம் ஒரு லட்சம் தேறும். விளைச்சல் ஜாதிக்காய், தேசியக் கொடியிலேயே ஒன்றை வரைந்து வைத்திருக்கிறார்கள். இந்த நாடுதான் அமெரிக்காவை அழிக்கப் பார்த்ததாம்.

1979 மார்ச்சில் மாரிஸ் பிஷப்பின் புரட்சி நடந்தபோது பிரதமர் எரிக் கெய்ரி நியூயார்க்கில் இருந்தார். பறக்கும் தட்டுகளை ஆராய ஐ.நா. ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சளைக்காமல் வாதாடிய மகானுபாவர் அவர். வாஷிங்டனுக்கு அவரால் ஒருநாளும் தூக்கம் கெடவில்லை. பள்ளிக்கூடம், இலவச மருத்துவம் என்று பேசிய பிஷப்தான் கெடுத்தார். கியூபாவோடு சேராதே என்று அமெரிக்கத் தூதர் வந்து எச்சரித்தார். நாங்கள் எவருடைய கொல்லைப்புறமும் இல்லை என்று பதில் கொடுத்தார் பிஷப்.

நல்ல ரோஷம்தான். ஆனால் 1980 ஜனவரியில், ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததை ஐ.நா. கண்டித்தபோது, கிரெனடா அந்தத் தீர்மானத்தை எதிர்த்துக் கையைத் தூக்கியது. கொல்லை அடுத்தவனுடையது என்றால் புகுந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

1983 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரீகன் தொலைக்காட்சியில் வான்படம் காட்டினார். பாயின்ட் சலைன்ஸில் 10,000 அடி ஓடுபாதை! விமானப்படையே இல்லாத நாட்டுக்கு எதற்கு? சுற்றுலாப் பயணிகளின் பெரிய விமானம் இறங்கத்தான் ஐயா. கட்டியவர்கள் கியூபத் தொழிலாளர்கள் என்றாலும், கருவிகளைப் பொருத்தும் ஒப்பந்தம் பிரிட்டனின் பிளெஸ்ஸி நிறுவனத்திடம் இருந்தது. அந்த ராணுவ ரகசியத்தின் மேல்தான் பக்கத்து மருத்துவக் கல்லூரியின் அமெரிக்க மாணவர்கள் ஜாகிங் போய்க்கொண்டிருந்தார்கள்.

படையெடுக்கச் சாக்கு வேண்டுமே, அதைத் தோழர்களே தயாரித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 19 அன்று கோட்டைச் சுவரோரம் நிறுத்திப் பிஷப்பைச் சுட்டுக் கொன்றது அவருடைய புரட்சிப் படைதான். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆறாம் நாள், மாணவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று அமெரிக்கா வந்து இறங்கியது. வந்த வேகத்தில் ஒரு மனநல மருத்துவமனைமேல் குண்டு போட்டது. நோயாளிகள் 18 பேர் செத்தார்கள். அவர்கள் எந்த முகாமைச் சேர்ந்தவர்கள், மாஸ்கோவா ஹவானாவா?

தீவில் கால் வைத்த அமெரிக்க வீரர்கள் ஏறத்தாழ 7,000 பேர். தரைப்படை வாரி வழங்கிய பதக்கங்களோ 8,600க்கும் மேல். பென்டகனில் நாற்காலி தேய்த்தவர்களும் வீரர்களாகிவிட்டார்கள். ஐ.நா. பொதுச்சபையில் 108 நாடுகள் கண்டித்தன, எதிர்த்தவை 9. இதைப் பற்றிக் கேட்டதற்கு, என் காலை உணவுக்கு ஒரு குறையும் வரவில்லை என்றார் ரீகன். 108 நாடுகளின் மதிப்பு ஒரு முட்டைத் தோசைக்குக்கூடத் தேறவில்லை.

உலகத்தையே அச்சுறுத்திய அந்த ஓடுபாதையை இடித்தார்களா? அமெரிக்காவே பணம் கொடுத்துக் கட்டி முடித்தது. 1984இல் திறந்தாயிற்று. 2009இல் அதற்குப் பிஷப்பின் பெயரையும் வைத்தாயிற்று. மயாமியிலிருந்து விமானம் வந்து இறங்குகிறது. அமெரிக்கர்களுக்கு விசா தேவையில்லை. அமெரிக்கா போக வேண்டிய கிரெனடாக்காரர்தான் விசாவுக்கு மனுப் போட வேண்டும்.