மஞ்சள் விளக்கும் மானுட மனமும்: ஸ்கேனர்த் தேர்வியல் பற்றிய ஓர் ஆய்வு

டேஷ்போர்டில் என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தால் செய்யத்தக்கவை மூன்று என்பது முந்தைய அறிஞர் (பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்) முடிபு: பார்க்காததுபோல் ஓட்டுதல், பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுதல், மெக்கானிக்கிடம் விடுதல். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் சில நூறு ரூபாய்க்கு விற்கத் தொடங்கிய பின் நான்காவது நெறி ஒன்று கிளைத்துள்ளது. அதை முறைப்படி ஆராய்ந்தார் எவரும் எம் கண்ணில் படவில்லை. எம் கருதுகோள் இது: யாருக்கு எவ்வளவு உண்மை தாங்குமோ, அவ்வளவு விலைக்கே அவர் ஸ்கேனர் வாங்குகிறார்.

முதலில் வரலாறு. கார் தன் கோளாற்றைத் தானே கண்டு சொல்லும் ஓபிடி முறையை 1988 மாடல் முதல் கலிபோர்னியா புகுத்தியது. 1996 மாடல் முதல் அமெரிக்கக் கார்கள் அனைத்துக்கும் ஓபிடி-2 கட்டாயமாயிற்று. இந்தியாவுக்கு அது 2013-இல் வந்தது. எல்லாம் புகைக் கட்டுப்பாட்டுக்காக. பிரேக் பேட் தேய்ந்து உலோகம் உரசினாலும் இந்த விளக்குக்குக் கவலையில்லை. அமெரிக்கக் காரில் பெட்ரோல் டேங்க் மூடி சரியாக மூடாவிட்டால் பதறிவிடும். ஊராரின் மூச்சுக்காக ஏற்றிய விளக்கைத் தன் பர்ஸுக்காக எரிவதாக எண்ணுவதே உரிமையாளரின் முதற்பிழை.

அடுத்து மூலபாடம். போனோடு இணையும் மலிவு ஸ்கேனர்களுக்குள் பெரும்பாலும் இருப்பது ஈஎல்எம்327 என்னும் சிப்பின் நகல். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் முதற்பதிப்பைக் காப்புப் பூட்டு இல்லாமல் வெளியிட்டுவிட, பிரதி எடுப்போர் பெருகினர். 1.5 என்றொரு பதிப்பை அந்நிறுவனம் வெளியிட்டதே இல்லை. சந்தையில் தடுக்கி விழுந்தால் அதுதான் கிடைக்கிறது. சுவடி ஆய்வாளர் இதை இடைச்செருகல் என்பர். கடைக்காரர் ‘லேட்டஸ்ட் சார்’ என்கிறார். வாங்கும் முன் போனையும் பார்க்க வேண்டும். பழைய வகை புளூடூத் ஆண்ட்ராய்டோடு பேசும், ஐபோனோடு பேசாது. அதற்கு வைஃபை அல்லது புளூடூத் எல்இ வேண்டும்.

இனிப் பயன்வழக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். பெடல் அருகே தலையைக் கொடுத்தால்தான் அகப்படும். கௌரவம் பார்ப்பவர் பிள்ளைகளை விட்டுத் தேடச் சொல்லலாம். செருகியதும் வருகிறது பி0420 என்னும் பிழைக் கோடு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டதாம். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று நகைக்கடைச் சமாச்சாரம். விலை கேட்டால் நமக்கு ஒரு விளக்கு எரியும்.

இங்கேதான் வாசகர் இரு கட்சியாகப் பிரிகின்றனர். கோடு மட்டும் காட்டும் கருவிக்காரர் அழிப்புக் கட்சி. பட்டனைத் தட்டி விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். பேட்டரி வயரைக் கழற்றிய தந்தையாரின் நேர் வாரிசு இவர், செலவு மட்டும் கூடுதல். விளக்கு எரிந்த கணத்தில் வேகம் எவ்வளவு, என்ஜின் சூடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்த குறிப்பும் அந்தத் தட்டலில் போய்விடும்.

லைவ் டேட்டாவை வரைபடமாகக் காட்டும் கருவிக்காரர் வாசிப்புக் கட்சி. பல கார்களில் முன்பக்க ஆக்சிஜன் சென்சர் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஊசலாட வேண்டும். கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ளது ஏறக்குறைய அசையாதிருக்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே குதித்தால் சந்தேகம் வலுக்கும். வாசிப்புக் கட்சிக்காரர் இந்தப் படத்தோடு மெக்கானிக்கிடம் போய் நிற்கிறார்.

“அண்ணே, பி0420. கன்வெர்ட்டர் போயிருச்சு.”

“இருங்க சார்.”

வண்டியை ஸ்டார்ட்டில் வைத்து, பழந்துணியைச் சுருட்டிச் சைலன்சர் வாயில் ஒரு நொடி அழுத்தினார். முன்பக்க ஜாயின்டிலிருந்து ‘ஸ்ஸ்’ என்றது. அந்த லீக் வழியே வெளிக்காற்று புகுந்தாலும் சென்சர் ஏமாறும். கேஸ்கெட் விலையைக் கேட்டதும் உரிமையாளருக்கு ஏற்பட்ட ஏமாற்றம் தனி ஆய்வுக்குரியது. இவ்வளவு மலிவான உண்மையை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஏபிஎஸ், ஏர்பேக் படிக்கும் கருவிகள் இன்னும் விலை கூடியவை. பெட்ரோல் காரை வீட்டில் பார்ப்பவருக்கு லைவ் டேட்டா வரை போதும் என்பது எம் துணிபு. வேலை முடிந்ததும் கழற்றிவிடுக; 16-ஆம் பின்னில் எப்போதும் பேட்டரி மின்சாரம் உண்டு, மாட்டியே வைத்தால் நிற்கும் வண்டியின் பேட்டரியை மெல்லக் குடிக்கும்.

எஞ்சியிருப்பது பழைய கார் வாங்குவோர்க்கு ஒரு குறிப்பு. பிழைக் கோடுகளை அழித்தால் கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளும் முடியாதவை என்று பதிவாகும். பலவகையாக ஓட்டினால்தான் அவை மறுபடி நிறைவுறும். அந்நிலையைக் காட்டும் ஸ்கேனரையே வாங்குக. விளக்கு எரியவில்லை, கோடும் இல்லை, சோதனை ஒன்றும் முடியவில்லை என்றால், முந்தைய நாள் இரவு அக்காருக்குள் அழிப்புக் கட்சிக்காரர் ஒருவர் தலையைக் கொடுத்திருக்கிறார் என்று கொண்டு, பேசிய விலையைக் குறைத்துக் கேட்கலாம்.