ஸ்லைடரை நகர்த்தினால் நேர்வது யாது?: டாஷ்போர்டுக் கருவித் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

டாஷ்போர்டு என்னும் சொல் 19ஆம் நூற்றாண்டில் குதிரை வண்டியின் முகப்பில் பொருத்தப்பட்ட பலகையைக் குறித்தது. ஓடும் குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டியில் இருப்போர் மேல் தெறிக்காமல் தடுப்பதே அதன் பணி. பின்னர் மோட்டார் வண்டி வந்து குதிரை போன பிறகும், பலகை மட்டும் தன் இடத்தை விடாமல் வேகமானிக்கும் எரிபொருள் முள்ளுக்கும் இருக்கை தந்தது. அங்கிருந்து கணினிக்குக் குடிபெயர்ந்து, விற்பனை, வருகை, வரவு செலவு முதலானவற்றைப் பார்ப்பவர் வேண்டியவாறு வடிகட்டிக் காணத்தக்க வரைபடங்களாகத் தொகுத்துக் காட்டும் பக்கத்துக்குப் பெயராயிற்று. கீழேயிருந்து கிளம்புவது மேலே அமர்ந்திருப்பவர் மீது படாமல் காப்பது என்னும் ஆதிப்பொருள் இன்றைய அலுவலக வழக்கில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பது தனி ஆய்வுக்குரியது. இக்கட்டுரை அப்பலகையைச் செய்யும் கருவியைத் தேர்வதோடு நிற்கும்.

கருவிகள் இரு குலத்தன: இழுத்து வைப்பன, எழுதிச் செய்வன. ஸ்டான்ஃபோர்டு ஆய்விலிருந்து கிளைத்து 2003இல் நிறுவனமான டாப்லோ, 2015இல் பொதுப் பயனுக்கு வந்த பவர் பிஐ, 2022இல் பெயர் மாற்றிக்கொண்ட லுக்கர் ஸ்டூடியோ ஆகியவை முதற்குலத்தைச் சேர்ந்தவை. இக்குலத்தில் தேர்வு என்று ஒன்று நிகழ்வதே அரிது. எதற்கு முன்பே உரிமம் வாங்கப்பட்டுவிட்டதோ அதுவே தலைசிறந்தது என்பது அலுவலகத்தார் அனைவரும் ஒருமனதாகக் கொண்ட துணிபு. பவர் பிஐ டெஸ்க்டாப் விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்பதால், மேக் வைத்திருப்பவர் கருவியைத் தேர்வதற்கு முன் கணினியைத் தேர்ந்தாக வேண்டும்.

எழுதிச் செய்யும் குலத்திலோ பூசல் மிகுதி. ஆர் மொழிக்கு 2012இல் வந்த ஷைனி, பைத்தானுக்கு 2017இல் வந்த டாஷ், 2019இல் வந்த ஸ்ட்ரீம்லிட் என்னும் மூன்றையும் ஒப்பிடுவோர் வண்ணம், வடிவம், வேகம் என்று அட்டவணை நிரப்புவர். எனினும் இவற்றின் குணத்தை அறிய ஒரு ஸ்லைடர் போதும். ஸ்லைடராவது ஒரு கோட்டின் மேல் ஓடும் சிறு குமிழ். அது 2019 என்னும் ஆண்டிலிருந்து 2023க்கு இழுக்கப்படுகிறது என்க.

ஷைனி, எது எதைச் சார்ந்தது என்பதைத் தானே குறித்து வைத்திருப்பதால், எக்செலில் ஒரு கட்டத்தைத் திருத்தினால் அதை நம்பியிருக்கும் கட்டங்கள் மட்டும் மாறுவதுபோல, ஆண்டைச் சார்ந்த வரைபடத்தை மட்டும் திருத்தி அமையும். டாஷ் வாய்ச்சொல்லை நம்பாத கணக்கப்பிள்ளை போன்றது; எந்த உள்ளீடு மாறினால் எந்த வெளியீடு மாற வேண்டும் என்பதைக் கால்பேக் என்னும் சார்பாக ஒவ்வொன்றுக்கும் எழுதிக் கொடுத்தாலன்றி அசையாது. ஸ்ட்ரீம்லிட்டோ, ரசத்தில் உப்புக் குறைவு என்றால் அரிசி களைவதிலிருந்து மறுபடி தொடங்கும் சமையற்காரரைப் போல, நிரலின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை திரும்ப ஓடும். அவ்வளவு நேரமும் திரையின் வலது மேல்மூலையில் சிற்றுருவங்கள் ஓடியும் நீந்தியும் சைக்கிள் மிதித்தும் பார்ப்பவரை ஆற்றுப்படுத்தும். களைந்த அரிசியை எடுத்து வைத்துக்கொள்ளக் கேஷ் என்னும் சேமிப்பு உண்டு. பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் திரும்ப ஓட்டும் ஃபிராக்மென்ட் வசதி பிற்காலத்துப் புறனடை. அங்ஙனமாயின் இதனை ஏன் பலரும் விரும்புவர் எனின், மேலிருந்து கீழாகப் பைத்தான் படிக்கத் தெரிந்தவர் வேறொன்றும் கற்காமல் மதிய உணவுக்கும் மாலைத் தேநீருக்கும் இடையில் ஒரு டாஷ்போர்டை நிறுத்திவிட முடிவதால் என்க.

இனி, வரையும் படத்தின் வகையைக் கொண்டு கருவியைத் தேரலாமோ எனின்: வட்டத்தைத் துண்டுபோடும் பை சார்ட்டை 1801இல் வில்லியம் பிளேஃபேர் அச்சிட்டார். கோணத்தைவிடப் பொது அளவுகோலில் நிற்கும் நிலையையே கண் திருத்தமாக அளக்கிறது என்று 1984இல் ஆய்வாளர்களான கிளீவ்லாந்தும் மெக்கிலும் காட்டினர். இதனால் எந்தக் கருவியும் பை சார்ட்டைக் கைவிடவில்லையாதலின், தேர்வுக்கு இவ்வாதம் உதவாது.

ஆனால் ஒப்பீட்டு அட்டவணைகள் கடைசி வரியில் ஒதுக்கிவைக்கும் பண்பு ஒன்றுண்டு. அதுவே இத்துறையின் உயிர்நாடி. மூன்று வாரம் உழைத்துச் செய்த டாஷ்போர்டு கூட்ட அறையின் திரையில் விரிகிறது. ஸ்லைடர் நகர்கிறது, வரைபடம் அழகாக அசைகிறது. மேலாளர் தலையசைத்து, “ரொம்ப நல்லாருக்கு, இதை அப்படியே எக்செல்ல போட்டு மெயில்ல அனுப்பிடுங்களேன்” என்கிறார். ஆகவே ஆராயத்தக்கது பதிவிறக்கும் பொத்தானே. ஸ்ட்ரீம்லிட்டின் அட்டவணை மூலையில் அது கேளாமலே கிடைக்கும். டாஷில் அதையும் எழுதிக் கேட்டே பெற வேண்டும். பவர் பிஐ ஒரு காட்சியிலிருந்து சிஎஸ்வி கோப்பாயின் 30,000 வரிகள் வரையும் எக்செல் கோப்பாயின் 1,50,000 வரிகள் வரையும் தரும். எக்செலின் ஒரு தாள் 10,48,576 வரிகளைக் கொள்ளுமாதலின், தலைப்புக்கு ஒரு வரி கழித்தாலும் 8,98,575 வரிகள் வெற்றிடமாகவே கிடக்கும். அவ்வெற்றிடத்தின் ஓரத்தில் மேலாளர் தமக்கு வேண்டிய வரைபடத்தைத் தாமே வரைந்துகொள்கிறார். அது பெரும்பாலும் பை சார்ட்.