உறையூர்ச் சித்தப்பா

சாப்பாட்டைக் கண்டதும் சாப்பிட நினைப்பவர்கள் ஒரு ரகம். படம் பிடிப்பவர்கள் இன்னொரு ரகம். 'இது எந்த டப்பாவில் அடங்கும்?' என்று கண்ணாலேயே அளந்து பார்ப்பவர்கள் மூன்றாவது ரகம். கல்யாணப் பந்தியில் நாமெல்லாம் இலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர்கள் மட்டும் பரிமாறுகிறவர் கையிலிருக்கும் வாளியில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். குடும்பத்துக்கு ஒருவர் இப்படி இருப்பார். எங்கள் குடும்பத்தில் அவர் என் சித்தப்பா.

பிறந்தது திருச்சி உறையூரில். சோழர் தலைநகராயிருந்த ஊர். சுருட்டுக்குப் பேர்போன ஊர். அந்தப் பெயருக்கு அறிஞர்கள் ஆயிரம் பொருள் சொல்லலாம். மடிப்பாக்கத்தில் அவர் வீட்டு ஃப்ரீசரைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரே பொருள்தான் தோன்றும். உறையூருக்குக் கோழி என்றொரு பழம்பெயரும் உண்டு. அதுவும் உள்ளே இருக்கிறது. இடப்பக்கம், அடியில், அரைக்கிலோப் பொட்டலங்களாக.

ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் 34 வருஷம் இருந்தவர். நட்டு, போல்ட், வாஷர் எல்லாம் அவர் கையெழுத்தில்லாமல் வெளியே போனதில்லை. 2022 ஏப்ரலில் ரிட்டையர் ஆனார். ஆன மறுவாரம், பெட்டிக்கடையில் ஐஸ்கிரீம் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி மேலே மூடி திறக்கிற டீப் ஃப்ரீசர் ஒன்று வந்து இறங்கியது. "ஃப்ரிட்ஜ்ல மேல இருக்கிற அறை போதாதா?" என்று சித்தி கேட்டாள். "அது ரேக். இது கோடவுன்" என்றார்.

கூடவே ஒரு நீளமான ரிஜிஸ்டர், ஒரு மார்க்கர், ஒரு ரோல் டேப். தேங்காய்த் துருவல் 'தே.து.' ஆயிற்று. முருங்கைக்காய் 'மு.கா.', இஞ்சி பூண்டு விழுது 'இ.பூ.வி.'. எதற்கும் தேதி உண்டு. ரிஜிஸ்டரில் வரவு, செலவு, இருப்பு என்று மூன்று பத்திகள். வரவுப் பத்தி ஆடிப்பெருக்குக் காவிரி மாதிரி ஓடும். செலவுப் பத்தி சித்திரை மாதக் காவிரி.

சித்தப்பாவைக் குறைத்துச் சொல்லக்கூடாது. வைப்பதில் அவர் மன்னர். தேங்காய் விலை இறங்கிய வாரத்தில் இருபது காய் உடைத்துத் துருவி, கைப்பிடி கைப்பிடியாகப் பிரித்துப் பொட்டலம் கட்டுவார். தை மாதம் பட்டாணி மலிந்தால் வீட்டில் எல்லோர் மடியிலும் ஒரு முறம் விழும். உரித்த பட்டாணியைக் கொதிநீரில் இரண்டே நிமிஷம் போட்டு, எடுத்த கையோடு ஐஸ் தண்ணீரில் முக்குவார். "குளிர்ல என்சைம் சாகாது, மெதுவாத்தான் ஆகும். இந்தச் சூடு காட்டலேன்னா நிறமும் போகும், ருசியும் போகும்" என்பார். ஈரம் போகத் துணியில் உலர்த்தி, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, பிறகுதான் பையில் போடுவார். பட்டாணி கோலி மாதிரி உருளும். வேண்டியதை மட்டும் அள்ளிக்கொள்ளலாம்.

எதையும் உருண்டையாக வைக்க விடமாட்டார். மெல்ல உறைந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் பெரிய பெரிய படிகமாகிக் காயின் செல் சுவரைக் கிழித்துவிடும். தட்டையாகப் பரப்பினால் சீக்கிரம் உறையும், படிகம் பொடியாக இருக்கும். லாப்ரடார் பனியில் பிடித்த மீன் அந்த நொடியே விறைத்து, மாதக் கணக்கில் புதிதாக இருந்ததைக் கண்டுதான் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் இந்த வித்தையைப் பிடித்தாராம். அவருடைய உறைந்த பொட்டலங்கள் 1930இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. அவர் பெயரைச் சொல்லும்போது சித்தப்பா குரலில் ஒரு பணிவு வரும்.

ஒருநாள் அவரோடு பஸ்ஸில் மெரினா கடற்கரைச் சாலையில் போனேன். விவேகானந்தர் இல்லம் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். 1897இல் சுவாமிகள் தங்கியிருந்த இடமாயிற்றே என்று நானும் கைகூப்பினேன். "நீ எதுக்குடா கும்பிடுற?" என்றார். "விவேகானந்தருக்கு, சித்தப்பா." "நான் ஐஸுக்கு. இந்த ஐஸ் ஹவுஸ் கட்டுனது 1842லே. அமெரிக்காக் குளத்துல அறுத்த ஐஸை மரத்தூள்ல பொதிஞ்சு, மாசக்கணக்கா கப்பல்ல கொண்டாந்து இங்க இறக்கி வெச்சிருந்தான். கரண்ட்டு இல்லே, கம்ப்ரஸர் இல்லே. அவன் ஸ்டோர்கீப்பர்!"

சித்திக்கு இந்த வரலாறெல்லாம் ஏறாது. அவளுக்கு வேண்டியது சாயங்காலச் சட்னிக்கு ஒரு கைப்பிடி துருவல். அது சுலபமாகக் கிடைக்காது. "இண்டென்ட் இல்லாம மெட்டீரியல் வெளிய போகாது" என்பார் சித்தப்பா. துண்டுச்சீட்டில் பொருள், அளவு, எதற்காக, எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தாலும் கேட்டது வராது. ஸ்டோர்ஸ் வேதத்தின் முதல் மந்திரம், முதலில் வந்தது முதலில் போகவேண்டும். நேற்று வைத்தது நன்றாக இருக்கும்; ஆனால் போன மாதத்தியது வரிசையில் நிற்கிறதே. அதைத் தின்று தீர்ப்பதற்குள் நேற்றையது போன மாதத்தியது ஆகிவிடும்.

இதன் பலனாக அந்த வீட்டுப் பண்டிகைகள் எல்லாம் ஒன்று பின்தங்கி நடந்தன. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையை ஆயுத பூஜைக்குச் சாப்பிட்டோம். ஆயுத பூஜைச் சுண்டல் தீபாவளிக்கு வந்தது. தீபாவளி ஆட்டுக்கறிக் குழம்பின் முறை கார்த்திகை தீபத்தன்று வந்தபோதுதான் சித்தி அகல் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, "இன்னிக்குமா ஓங்க வரிசை?" என்று கேட்டாள். அன்றைக்கு மட்டும் வேதம் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டது.

சித்தப்பாவுக்கும் தோல்விகள் உண்டு. எலுமிச்சைச் சாற்றைக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி வைத்தார். தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவர். பாட்டிலுக்குச் சொல்ல மறந்துவிட்டார். உருளைக்கிழங்கு போட்ட சாம்பாரை உறையவைத்து எடுத்தபோது கிழங்கு பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு மாதிரி இருந்தது. வெள்ளரிக்காய் தண்ணீராகவே போயிற்று. அவித்த முட்டையின் வெள்ளை ரப்பரானது. ஒவ்வொன்றையும் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார். தூக்கி எறிய மட்டும் மனம் வராது. "2019இல மட்டும் உலகத்துல 93 கோடி டன் சாப்பாடு வீணாப் போயிருக்கு. அதுல 61 சதவீதம் வீட்டுலதான். ஐக்கிய நாடுகள் சபை சொல்லுது" என்பார். "இந்த முட்டை அதுல சேராதுங்க, இது வீணாகித்தான் உள்ள போச்சு" என்பாள் சித்தி.

உச்சம், சம்பந்தி வீட்டார் வந்த அன்று. ஐஸ் டிரே மூன்றில் மூன்று சரக்கு: புளிக்கரைசல், ரசம், காபி டிக்காஷன். மூன்றும் ஒரே பழுப்பு. ஈரத்தில் டேப் உரிந்து மூன்று பெயரும் தரையில் கிடந்தன. சித்தப்பா மோப்பம் பிடித்துப் பார்த்தார். மைனஸ் பதினெட்டு டிகிரியில் எதற்கும் வாசனை கிடையாது. துணிந்து ஒரு கட்டியைக் கொதிக்கிற பாலில் போட்டார். பால் அங்கேயே திரிந்து, சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது. சம்பந்திக்குக் கடையிலிருந்து காபி வந்தது. திரிந்ததை வடிகட்டி 'பனீர்' என்று எழுதி உள்ளே வைத்துவிட்டார்.

"கிருமி வராதாங்க?" என்று சித்தி ஒருமுறை கேட்டாள். "இந்தக் குளிர்ல கிருமி வளராது. சாகாது, ஆனா தூங்கிடும். வெளிய எடுத்து வெச்சாத்தான் முழிச்சுக்கும்." சித்தி யோசித்தாள். "அப்ப ஓங்க ஆபீஸ் மாதிரின்னு சொல்லுங்க."

வருஷா வருஷம் மார்ச் 31 ஸ்டாக் வெரிஃபிகேஷன். கையுறை மாட்டிக்கொண்டு டப்பா டப்பாவாக எடுத்து எண்ணுவார். டப்பாக்கள் பெரும்பாலும் பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள். உள்ளே ஐஸ்கிரீம் தவிர எது வேண்டுமானாலும் இருக்கும். 2023 மார்ச்சில் எண்ணிக்கை அச்சாக டாலி ஆயிற்று. ஒரு டப்பா கூடக் குறையவில்லை. "முப்பத்தி நாலு வருஷத்துல ஃபாக்டரியில கூட இப்படி ஆனதில்லடா" என்று எனக்குப் போன் செய்து சொன்னார். சித்தி பக்கத்தில் நின்று இருமினாள்.

2023 டிசம்பர் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போனேன், புதன்கிழமைவரை திரும்பவில்லை. மிக்ஜாம் புயல் மழை. திங்கள் காலை எட்டு மணிக்குக் கரண்ட்டு போயிற்று. தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ்வீட்டுக்காரர்கள் பாயும் பையுமாக மாடிக்கு வந்துவிட்டார்கள். சித்தப்பா முதலில் செய்த காரியம், ஃப்ரீசர் மூடியின்மேல் குறுக்காக டேப் ஒட்டியது. "நிறைஞ்ச ஃப்ரீசரைத் திறக்காம வெச்சா நாப்பத்தெட்டு மணி நேரம் தாங்கும். பாதி நிறைஞ்சிருந்தா அதுல பாதிதான். ஒருத்தரும் கை வைக்கக்கூடாது." ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஐஸ் ஹவுஸுக்குக் காவல் இருந்தவன்கூட அப்படி உட்கார்ந்திருக்கமாட்டான்.

திங்கள் பொங்கலாயிற்று, செவ்வாய் ரவை ஆயிற்று. செவ்வாய் இரவோடு எல்லார் வீட்டுக் காய்கறிக் கூடையும் காலி. கேன் தண்ணீரும் அடியைத் தொட்டது. பால் வண்டி வரவழியில்லை. மாடியில் பதினேழு பேர். அதில் மூன்று குழந்தைகள்.

புதன் காலை ஏழு மணி. நாற்பத்தேழாவது மணி நேரம். சித்தி வந்து நாற்காலி எதிரே நின்றாள்.

"இண்டென்ட் எழுதணுமா, இல்ல பசிக்குதுன்னு வாயால சொன்னா போதுமா?"

சித்தப்பா எழுந்து, தானே டேப்பைக் கிழித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். சித்தி எந்த லேபிளையும் படிக்கவில்லை. கையை விட்டாள், அழுத்தினாள், எடுத்தாள். நடுவில் கல்லாக இருந்தது அடுப்படிக்குப் போயிற்று. முழுக்க மெத்தென்று இளகிப்போன மீன் பொட்டலம் ஒன்றை யோசிக்காமல் தூரப் போட்டாள். சித்தப்பா வாய் திறக்கவில்லை. பட்டாணி ஒருபக்கம், முருங்கைக்காய் ஒருபக்கம், கோழி பெரிய அண்டாவுக்கு. இஞ்சி பூண்டுக் கட்டிகள் எண்ணெயில் விழுந்து பொரிய, மாடி முழுக்க மணம் பரவியது. உரிக்க, நறுக்க, அரைக்க ஒன்றுமில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பதினேழு பேருக்குச் சமையல். தை மாதப் பட்டாணியும் ஐப்பசி மாதக் கோழியும் ஒரே அடுப்பில் முதல்முறையாகச் சந்தித்துக்கொண்டன.

"குழம்புக்குத் தேங்காய் வேணும்" என்றாள்.

சித்தப்பா பெருமையாக 'தே.து.' டப்பா ஒன்றைத் திறந்தார். உள்ளே பளிங்கு மாதிரி ஐஸ். இன்னொன்றைத் திறந்தார். ஐஸ். பதினான்கு டப்பா திறந்தார். பதினான்கிலும் ஐஸ்.

சித்தி அண்டாவிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள். "அடியில ரெண்டு பொட்டலம் நெசமாவே தேங்காய். அதை எடுங்க."

"எத்தனை நாளா இது?"

"நீங்க ரிட்டையரான ரெண்டாம் மாசத்துலேருந்து. கேட்டா சீட்டு எழுதச் சொல்லுவீங்க. எழுதுற நேரத்துல சட்னியே அரைச்சுடலாம். எடுத்துக்கிட்டு, கனம் தெரியட்டும்னு தண்ணி ஊத்தி வெச்சுட்டேன்."

"அப்ப தினமும் புதுத் தேங்காய்னு சொன்னியே?"

"நான் எங்க சொன்னேன்? நீங்கதான் சட்னியைத் தொட்டுக்கிட்டு, என்ன இருந்தாலும் புதுசு புதுசுதான்னு சொன்னீங்க. பெரியவங்க சொல்லும்போது மறுத்துப் பேசலாமா?"

சித்தப்பா அந்தப் பதினான்கு டப்பாக்களையும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு அவருக்கு வர வெகுநேரம் ஆகவில்லை. அந்த டப்பாக்கள் காலியாக இருந்திருந்தால் ஃப்ரீசர் பாதிதான் நிறைந்திருக்கும். பாதி நிறைந்தது செவ்வாய்க்கிழமையே கைவிட்டிருக்கும். கோழியை இரண்டு நாள் விறைப்பாக நிறுத்தி வைத்தது சித்தியின் திருட்டு ஐஸ். "எந்தத் தண்ணி ஊத்தினே?" என்று மெல்லக் கேட்டார். "கேன் தண்ணிதான்." அதில் நான்கு டப்பாவை உருக்கிக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுத்தோம்.

சாப்பாடு முடிந்ததும் ரிஜிஸ்டரை எடுத்தார். செலவுப் பத்தி மேலிருந்து கீழ்வரை நிரம்பியது. அந்த வீட்டில் அப்படி ஒரு பக்கத்தை நான் பார்த்ததில்லை. 'தே.து. 14' என்பதை அடித்துவிட்டு, 'ஐஸ் 14, நல்ல நிலையில்' என்று எழுதினார். கடைசியில் 'வழங்கியவர்' என்ற இடம் வந்தது. அங்கே எப்போதும் அவர் கையெழுத்துதான். ஒரு நிமிஷம் தயங்கி, பேனாவைச் சித்தியிடம் நீட்டினார்.

சித்தியின் இரண்டு கையிலும் கரண்டி. "அப்புறமாப் போடுறேன். அதை அங்க வைங்க."

"எங்க?"

"ஃப்ரீசர்லதான். இப்பத்தான் எடம் இருக்கே!"