ரிமோட் நிரபராதி!

எலி கேபிள் ஒயரைக் கடித்ததிலிருந்து செட்டாப் பாக்ஸ் ரிமோட் வேலை செய்யவில்லை. எலிக்கும் ரிமோட்டுக்கும் என்ன பகை?
– வாசகர், ஆத்தூர், சேலம் மாவட்டம்

பகை எலிக்கும் ஒயருக்கும்தான். பழி மட்டும் ரிமோட் மேல்! மெனு பட்டனை அழுத்திப் பாருங்கள். 'சிக்னல் இல்லை' என்று காட்டும் திரையிலேயே மெனு வந்து நின்றால் ரிமோட் நிரபராதி.

குற்றவாளி பாக்ஸுக்குப் பின்னால் இருக்கலாம். கனெக்டருக்குள் நடுவிலிருக்கும் செம்புக் கம்பியை, சுற்றியுள்ள வலையின் ஒற்றை இழை தொட்டாலே படம் போய்விடும். ஆபரேட்டர் வந்து நுனியை வெட்டி, புது கனெக்டர் மாட்டினால் சரியாகும்.

மெனுவே வரவில்லையா? ரிமோட்டை செல்ஃபி கேமராவுக்குக் காட்டி அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அதில் மின்னும். மின்னாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

டிவி ரிமோட்டின் வேலையை செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுக்குக் கற்றுக்கொடுக்கலாமாமே! வாத்தியார் யார்?

டிவி ரிமோட்தான். 'லேர்னிங்' வசதியுள்ள ரிமோட்டையும் அதையும் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி எதிரெதிரே வைத்து, ஒன்றில் அழுத்தினால் மற்றது பிடித்துக்கொள்ளும். ஃபீஸ் கிடையாது!

இது விளையாட்டு வேலையல்ல. ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், அங்கிருந்து வெளியே வந்து தனி நிறுவனம் தொடங்கி, 1987-ல் விற்பனைக்கு விட்டது இப்படிப் படிக்கிற ரிமோட்டைத்தான்.

ஒரு வேண்டுகோள்: பாடம் முடியும்வரை வாத்தியாரைப் பழைய சாமான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள்.